அசல் ஒன்று, வரைவு மூன்று

பிரெஞ்சு தேசத்து ராஜா ஒருவர், தம் நாட்டில் சண்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு பிரிவினரும் அவரவர் வழியில் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பேரன் அந்தக் காகிதத்தை ரத்து செய்தார். ஐந்தாம் பாரத்துக்கு நான் இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. "பேரன் ஏன் சார் ரத்து பண்ணினார்?" என்று வகுப்பில் ஒரு கேள்வி எழுந்திருந்தது. புத்தகத்தில் இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதல் காரணத்துக்கு வாய் திறந்தபோது, ஆபீஸ் பியூன் சின்னையா கதவருகில் வந்து நின்றார்.

"சார், நம்ம ரெக்கார்டு ஐயா போயிட்டாருங்க."

எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் முப்பது வருஷமாக ரெக்கார்டு அறையை விட்டு எங்கேயும் போனதில்லை என்பதால் வந்த கேள்வி அது. சின்னையா தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான்கு காரணங்களும் அன்று சொல்லப்படவில்லை.

எங்கள் சமஸ்தானத்து ரெக்கார்டு கீப்பர் அருணாசலம் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருக்கிறார். விரல்களில் பசை காயாமல் இருந்ததாம். திருச்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி அவர் முன்னால் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடிக்காமல் ரெக்கார்டு கீப்பர் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார் என்று அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் மரியாதையாகக் காத்திருந்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த நாளில் திவான்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் கடைசியில் பதில் கிடைத்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர், ஏதோ ஒரு நகலுக்காக அந்த அறை வாசலில் நின்றிருப்பீர்கள். தர்பார் ஆபீஸின் பின்கட்டில், கூரை வரை அடுக்கிய சிவப்புத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒல்லியான ஒரு மனிதர். காதில் பென்சில். "என்னைக்கி நடந்தது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யார், எதற்கு என்பதெல்லாம் பிறகு. சொந்த மகளின் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களிடமும் அதையே கேட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மை. நான் அங்கே இருந்தேன்.

அவர் எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டார். ஒரு சாயங்காலம் நான் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இருவரும் தின்று முடித்தோம். நான் பொட்டலக் காகிதத்தைக் கசக்கப் போனேன். அவர் அதைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து நீவி, படித்தார். ஏதோ ஒரு கோர்ட்டில் யாரோ ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கம். மறுநாள் அந்தக் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார்: தங்கள் காகிதம் ஒன்று கடலைக் கடையில் கிடைத்தது, எண்ணெய்க் கறையுடன் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதில் வரவில்லை. பதில் வராததையும் குறித்து வைத்தார்.

"கிழிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் போதும் வாத்தியாரே" என்பார். "அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு ஞாபகம் வரும். அத அடக்க முந்நூறு போலீசு வேணும்."

ஸ்பெயினில் ஒரே நாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த காலம் அது. வாசகசாலையில் பேப்பர் வந்ததும் நாங்கள் இருவரும் அந்தச் செய்தியைத்தான் முதலில் பார்ப்போம். ஒரே மதம், அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், இது எப்படி ஆரம்பித்திருக்கும் என்று நான் அவரிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். பொருளாதாரம், நில உடைமை, ராணுவம் என்று விரல் விட்டு எண்ணினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்க ரெக்கார்டு கீப்பர் யாரு?" என்றார்.

நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க. அண்ணன் தம்பி சண்டை எல்லாம் ஒரே எடத்துலதான் தொடங்கும். 'எப்பவும் இப்படித்தான் நடந்துச்சு'ன்னு இவன் சொல்வான். 'எப்பவும் அப்படித்தான் நடந்துச்சு'ன்னு அவன் சொல்வான். ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டாய்ங்க. அதுதான் வம்பு."

இதைச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருக்காது. அந்த வம்பு எங்கள் சமஸ்தானத்துக்கே வந்தது.

நார்த்தாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிற ஓர் ஊர். பெயர் வேண்டாம். அம்மன் கோயில் ஒரு கோடியில், கிணறு மறு கோடியில், நடுவே பள்ளிவாசல். வழி ஒன்றுதான். திருவிழாவில் பால்குடம் கிணற்றுக்குப் போக வேண்டுமென்றால் பள்ளிவாசலைத் தாண்ட வேண்டும். சந்தனக்கூடு ஊர்வலம் சுற்றி வர வேண்டுமென்றால் அம்மன் கோயிலைத் தாண்ட வேண்டும். பள்ளிவாசலுக்கு முன் மேளம் அடிப்பது எங்கள் வழக்கம் என்றார்கள் ஒரு தரப்பார். நிறுத்துவதுதான் வழக்கம் என்றார்கள் மற்றவர்கள். உண்மை என்னவென்றால் அதுவரை வழக்கம் என்று ஒன்றும் இருந்ததில்லை. சில வருஷம் அடித்தார்கள், சில வருஷம் நிறுத்தினார்கள். மேளக்காரருக்குக் கை வலித்த வருஷங்களில் பள்ளிவாசலுக்கு வெகு முன்பே நிறுத்தினார்கள். யாரும் கவனிக்கவில்லை. அந்த வருஷம் எதனாலோ கவனித்தார்கள். இரண்டு மண்டை உடைந்தது.

விவகாரம் தர்பாருக்கு வந்தது. எங்கள் தர்பாருக்குப் புதிதாக எதையும் முடிவு செய்யும் கெட்ட பழக்கம் கிடையாது. முந்தைய வழக்கம் என்ன என்று கேட்கும். அதையே உத்தரவாகப் போடும். எனவே எல்லாம் ரெக்கார்டு அறைக்கு வந்து நின்றது. அருணாசலம் பிள்ளை ஒரு வாரம் அவகாசம் கேட்டார். நடுவில் ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார் என்று அறிந்து ஆச்சரியப்பட்டேன். இடத்தைப் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாளில் தர்பார் அறையின் திறந்த கதவுக்கு வெளியே நானும் நின்றேன். ஒரு பக்கம் வீரப்ப அம்பலம், ஊர்த் தலைவர். மறுபக்கம் காதர் ராவுத்தர், பள்ளிவாசலுக்குப் பொறுப்பானவர். இருவர் பின்னாலும் ஆட்கள். அருணாசலம் பிள்ளை பழுப்பேறிய ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து படித்தார். எழுபது வருஷத்துக்கு முந்தைய உத்தரவு. பால்குடம் வரும்போது பள்ளிவாசலுக்கு முன் இருக்கும் வேப்பமரத்தடியில் மேளத்தை நிறுத்த வேண்டியது. கிணற்றடிக்குப் போனதும் மறுபடி அடிக்கலாம். நிறுத்தும் இடத்தில் ராவுத்தர் வீட்டார் எல்லோருக்கும் பானகம் கொடுக்க வேண்டியது. சந்தனக்கூடு வரும்போது அம்மன் கோயில் எல்லையில் அவர்களும் கொட்டுமேளத்தை நிறுத்த வேண்டியது. அங்கே அம்பலம் வீட்டார் மல்லிகைச் சரம் சாத்த வேண்டியது. இரு தரப்பிலும் பழங்காலம் தொட்டு இப்படியே நடந்து வந்திருக்கிறது.

படித்து முடித்தார். அம்பலம் ஒரு முறை இருமினார். ராவுத்தர் கூரையில் தொங்கிய பங்கா விசிறியைப் பார்த்தார். பிறகு அம்பலம் தம் ஆட்கள் பக்கம் திரும்பி, ராஜாங்க ரெக்கார்டே இப்படிச் சொல்லும்போது நாம் என்ன சொல்வது என்றார். ராவுத்தரும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைத் தம் ஆட்களிடம் சொன்னார். உத்தரவு போட்டாயிற்று. அந்த வருஷத்திலிருந்து மேளம் மரத்தடியில் நின்றது.

அதற்குப் பிறகு பத்து வருஷம், வகுப்புக்கு வகுப்பு, நான் இதை உதாரணமாகச் சொன்னேன். ஐரோப்பாவில் நூறு வருஷம் ரத்தம் சிந்திக் கற்றதை நம் சமஸ்தானம் ஒரு பழைய காகிதத்தில் பத்திரமாக வைத்திருந்தது என்பேன். ஆவணத்தின் மகிமை என்பேன். அருணாசலம் பிள்ளை ஒரு முறை என் வகுப்பு வாசலில் நின்று இதைக் கேட்டார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கொஞ்சம் கொறச்சே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேசம் இரண்டாகப் பிரிந்த வருஷத்தில் அந்தக் காகிதத்துக்குச் சோதனை வந்தது. வடக்கே ரயில் வண்டிகள் பிணங்களோடு வந்து நின்றன என்று பேப்பரில் படித்தோம். வாசகசாலையில் ஒருவரும் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. அப்படியும் செய்தி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரின் இரண்டு தெருவிலும் இளவட்டங்கள் கூடினார்கள். அங்கே நம்மவர்களை வெட்டுகிறார்கள், இங்கே நாம் மேளத்தை நிறுத்துவதா என்றார்கள் ஒரு தெருவில். அங்கே நம்மவர்களை வெட்டுகிறார்கள், இங்கே நாம் பானகம் கரைப்பதா என்றார்கள் அடுத்த தெருவில். இரண்டு தெருவிலும் ஒரே வாக்கியம்தான். வெட்டுகிறவர் பெயர் மட்டும் மாறியது.

அம்பலமும் ராவுத்தரும் ஒரே வண்டியில், ஆளுக்கு ஆறு இளவட்டங்களைப் பின்னால் நடக்கவிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். நேரே ரெக்கார்டு அறைக்கு.

"ஐயா, அந்தக் காயிதத்த இன்னொரு தடவ இவய்ங்க காதுல போடுங்க" என்றார் அம்பலம்.

அருணாசலம் பிள்ளை மூட்டையை அவிழ்த்தார். அவசரமே இல்லாமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பானகம் வரும் இடத்தில் குரலை உயர்த்தினார். ஓர் இளைஞன் அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றான்.

"தொடக் கூடாது தம்பி. எம்பது வருஷக் காயிதம். பொடிஞ்சுரும்."

இளைஞன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பன்னிரண்டு பேரும் குனிந்து, ஒரு முழம் தள்ளி நின்றே அதைப் பார்த்தார்கள். அந்த வருஷமும் மேளம் மரத்தடியில் நின்றது. வடக்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் அந்த ஊரில் நடந்தது இவ்வளவுதான். பேப்பரில் வரவில்லை.

மறுவருஷம் சமஸ்தானமே இல்லை. ஒரு கையெழுத்தில் நாங்கள் திருச்சி ஜில்லாவாகிவிட்டோம். அரண்மனையில் கொடி இறங்கியபோது பலர் அழுதார்கள், பலர் மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டையும் செய்தவர்களையும் எனக்குத் தெரியும். அருணாசலம் பிள்ளையிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "ராஜாங்கம் போனாப் போகட்டும். வரிசை கலையாமப் போகணும்" என்றார். காகிதங்களைத் திருச்சிக்கு அனுப்பப் பட்டியல் எழுதத் தொடங்கினார். ஒரு சமஸ்தானத்தை ஒப்படைக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. பட்டியல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் முடியவில்லை. அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில்தான் அவருடைய பேனா நின்றது.

அவர் இறந்த மூன்றாம் நாள் திருச்சி அதிகாரி எனக்கு ஆள் அனுப்பினார். லாரி வியாழக்கிழமை வருகிறது, மூட்டைகளின் வரிசை யாருக்கும் புரியவில்லை, நீங்கள் அவரோடு பழகியவர் என்றார். நல்ல மனிதர், சட்டம் தெரிந்தவர். போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். பழைய சமஸ்தான உத்தரவுகளையெல்லாம் மறுபடி பார்க்கப் போகிறார்கள். ஆதாரம் உள்ள வழக்கங்கள் மட்டும் தொடரும். ஆதாரம் இல்லாதவை ரத்தாகும்.

பட்டியலும் மூட்டைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த ஊரின் பெயருக்கு எதிரே அவருடைய சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: அசல் ஒன்று, வரைவு மூன்று.

எண்பது வருஷத்துக்கு முந்தைய உத்தரவுக்கு அசல் இருக்கலாம். வரைவை யார் வைத்திருப்பார்கள்? மூட்டையை அவிழ்த்தேன்.

முதல் வரைவு, ஒரு லீவு விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. தர்பார் ஆபீஸில் எல்லோரும் லீவு கேட்ட அதே அச்சுப் படிவம். எழுத்து அருணாசலம் பிள்ளையுடையது. இரண்டாவது வரைவிலும் அதே எழுத்து. முதலாவதில் மேளம் நிறுத்தும் இடம் 'பள்ளிவாசலுக்கு மேற்கே உள்ள கல்' என்று இருந்தது. இரண்டாவதில் கல்லை அடித்துவிட்டு 'வேப்பமரம்' என்று மேலே எழுதியிருந்தார். மூன்றாவதன் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: 'பானகம் சேர்க்கவும். வாய் நிறைய இருந்தால் சத்தம் போட முடியாது.' நான்காவதாக அசல். ஏதோ ஒரு பழைய கட்டிலிருந்து எடுத்த எழுதாத தாளில், கடுக்காய் மையில், பழங்காலத்து எழுத்தில். வரைவுகளுக்கு அடியில் கூட இனிஷியல் போட்டு, வரிசை எண் போட்டு, ஊசி நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்.

நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கள்ளப் பத்திரம் எழுதுகிறவன் அதன் வரைவுகளையும் ஒழுங்காகக் கோத்து வைப்பானா? ரெக்கார்டு கீப்பர் வைப்பார். காகிதத்தைக் கிழிக்க அவருக்குக் கை வராது, தம்மையே பிடித்துக் கொடுக்கும் காகிதமாக இருந்தாலும். அந்த அறையில் எனக்கு வந்தது துக்கம் அல்ல. துக்கத்துக்கு மூன்று நாளாக இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அதில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து வருஷமாக நான் வகுப்பில் கும்பிட்ட ஆவணம், லீவு விண்ணப்பத்தின் முதுகில் பிறந்தது.

இன்னொரு பயம் பின்னாலேயே வந்தது. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. மூட்டை திருச்சிக்குப் போனால், சட்டம் தெரிந்த அதிகாரி அதை அவிழ்ப்பார். வரைவுகளைப் பார்ப்பார். உத்தரவு ரத்தாகும். செய்தி ஊருக்குப் போகும். அந்தப் பன்னிரண்டு இளவட்டங்களுக்கும் இப்போது இன்னும் தோள் அகன்றிருக்கும். மூன்று வரைவுகளையும் நான் எரித்துவிட்டால் ஒரு பொய் உண்மையாகவே இருந்துவிடும். எரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று வடக்கிலிருந்து வந்த பேப்பர்களில் படித்திருந்தேன். நான்கு காகிதங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சரித்திர வாத்தியார் சரித்திரத்தைத் திருடிக்கொண்டு போன பயணம் அது.

அம்பலமும் ராவுத்தரும் அந்த வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது.

"வாங்க வாத்தியாரே. ரெக்கார்டு ஐயா செத்த சேதி நேத்துதான் காதுல விழுந்துச்சு" என்றார் அம்பலம். "ஒரு வார்த்த சொல்லி விட்டிருந்தா நாங்க ரெண்டு பேரும் மாலையோட வந்திருப்போம்."

நான் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த உத்தரவு எந்தக் காலத்திலும் போடப்பட்டதல்ல, அவரே எழுதியது என்றேன். இருவரும் பொங்குவார்கள் அல்லது இடிந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ சொல்றியா அம்பலம், நான் சொல்லட்டா?"

"நீங்களே சொல்லுங்க மாமா. ஒங்க அத்தா வச்ச மரந்தானே."

ராவுத்தர் கையைப் பின்னால் கொண்டுபோய், தம் தகப்பனார் நட்ட வேப்பமரத்தின் பட்டையைத் தட்டினார்.

"இத எங்கத்தா நட்டு வச்சப்ப எனக்கு எட்டு வயசு. தெனம் தண்ணி ஊத்துனது நானும் இந்த ஆளுந்தான். பாதித் தண்ணிய எம்மேல ஊத்துவாரு. நாங்க பொறக்குறதுக்கு முந்தி போட்ட உத்தரவுல, நாங்க தண்ணி ஊத்துன மரம் எப்படிங்க ஏறும்?"

அப்படியானால் விசாரணையன்றே தெரியுமா என்று கேட்டேன்.

"படிக்கப் படிக்கவே தெரியும்" என்றார் அம்பலம். "ராவுத்தர் மாமா வாயத் தொறப்பாகன்னு நான் பாத்தேன். நான் தொறப்பேன்னு அவுக பாத்தாக. ஒருத்தரும் தொறக்கல. தொறந்திருந்தா என்ன ஆயிருக்கும்? மாமாவுக்காக மேளத்த நிப்பாட்டுனேன்னா எங்காளுக என்னைய ஊருல வைக்க மாட்டாய்ங்க. எனக்காக வழி விட்டாகன்னா அவுகாளுகளும் அப்படித்தான். செத்துப்போன எவனோ ஒரு ராஜா சொன்னான்னா யாருக்கும் கொறச்சல் இல்ல பாருங்க."

"அப்போ மரத்தின் வயது தெரியாமல் அவர் செய்த பிழை உங்களுக்கு உதவியாகப் போயிற்று" என்றேன். இந்த வயதிலும் வாத்தியார்தான். தப்பைத் தப்பு என்று குறித்தால்தான் எனக்கு மனம் அடங்கும்.

ராவுத்தர் தலையை ஆட்டினார். "தெரியாம இல்லீங்க. விசாரணைக்கு மூணு நா முந்தி சைக்கிள்ல வந்தாரு. மொதல்ல அந்தா அங்கிட்டு கெடக்கிற கல்லத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. பெறகு இங்கிட்டு வந்து, இந்த மரம் யாரு வச்சதுன்னு கேட்டாரு. எங்கத்தா வச்சது, நானும் அம்பலமும் தண்ணி ஊத்துனோம்னு நாந்தான் சொன்னேன். என்னைக்கி வச்சதுன்னும் கேட்டாரு. சொன்னேன். குறிச்சுக்கிட்டாரு."

நான் இரண்டாவது வரைவை எடுத்துப் பார்த்தேன். அடிக்கப்பட்ட கல். அதன் மேல் வேப்பமரம். கல்லை எழுதியிருந்தால் யாராலும் பொய் என்று சொல்லியிருக்க முடியாது; கல்லுக்கு வயது இல்லை. அந்தக் காகிதம் ஒரே ஒரு மனிதரின் ரகசியமாக இருந்திருக்கும். அவர் அதை அடித்தார். எந்த இரண்டு பேர் கேட்ட மாத்திரத்தில் பொய் என்று கண்டுபிடிப்பார்களோ அந்த இரண்டு பேருக்காகவே ஒரு பொய்யை எழுதினார். கண்டுபிடித்த பிறகு சொல்வதா, சேர்ந்து காப்பாற்றுவதா என்பதை அவர்களிடமே விட்டார். அந்த அறையில் அம்பலத்தின் இருமலுக்கும் ராவுத்தர் பார்த்த பங்காவுக்கும் நடுவில் எங்கள் சமஸ்தானம் தப்பித்தது. வெளியே நின்ற சரித்திர வாத்தியார் ஒன்றையும் பார்க்கவில்லை.

இவற்றை என்ன செய்வது என்று கேட்டேன். திருச்சிக்குப் போனால் ரத்தாகிவிடும் என்றேன்.

"ரத்து பண்ணட்டும்" என்றார் அம்பலம். "ரத்து பண்ணுனா மரம் எந்திரிச்சு நடந்து போயிருமா? பத்து வருஷமா நிப்பாட்டி நிப்பாட்டி அது நெசமாவே வழக்கமாப் போச்சு. எம் பேரன் இதுக்கு வேற வழி இருக்குன்னே நெனச்சதில்ல."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். ராவுத்தர் யோசித்து, ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றார். "போட்டீங்கன்னா பானகம் குடிக்க ஊரெல்லாம் இங்க வந்துரும். சக்கரை விக்கிற வெலைக்கு யாரு கரைக்கிறது?"

நான்கு காகிதங்களையும் அவர் கட்டியிருந்த முடிச்சிலேயே கட்டித் திரும்ப வைத்தேன். வியாழக்கிழமை லாரியில் ஏறின. பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கிறது. திருச்சியில் இதுவரை யாரும் அவிழ்க்கவில்லை.

திருவிழாவுக்குப் போனேன். திருச்சி அதிகாரியும் வந்திருந்தார். ஆதாரம் எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்று அவர் பக்கத்திலேயே நின்றேன். மேளம் தூரத்திலிருந்து வந்தது. அடிக்கிறவர்களில் மூன்று பேரை அடையாளம் தெரிந்தது. அன்று ரெக்கார்டு அறையில் குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தவர்கள். மரத்தடிக்கு வந்ததும் நின்றது. யாரும் கை காட்டவில்லை. ராவுத்தர் வீட்டுப் பெண்கள் செம்புகளோடு வந்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அதிகாரிக்கும் கொடுத்தார்கள். அவர் ஏதோ கேட்கத் திரும்பினார். வாய் நிறைய பானகம் இருந்தது. எனக்கும் அப்படித்தான். அந்த நிசப்தத்தில் அருணாசலம் பிள்ளை பென்சிலில் எழுதிய குறிப்பு எவ்வளவு சரி என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சுக்கு அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஐந்தாம் பாரத்துக்கு அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். அவர் இறந்த செய்தி வந்தபோது பாதியில் நின்ற கேள்வி அப்படியே காத்திருந்தது: பேரன் ஏன் அந்தக் காகிதத்தை ரத்து செய்தார்? புத்தகத்தில் நான்கு காரணங்கள் இருக்கின்றன. பரீட்சைக்கு அவை போதும், எழுதிக்கொள்ளச் சொன்னேன். பிறகு புத்தகத்தை மூடினேன். அருணாசலம் பிள்ளையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஐந்தாவது காரணம். அதை மட்டும் நான் சொந்தமாகச் சொன்னேன். அந்த ராஜாவின் காகிதத்தில் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, பொய்யே இல்லை. இரண்டு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தண்ணீர் ஊற்றிய ஒரு மரம் மட்டும் அதில் இல்லை.